கனி காக்கும் வாசனை எண்ணெய்கள்: தோட்டக்கார உறுப்பினர்களுக்கு ஒரு பாடம்



சித்திரை பிறந்துவிட்டால் இராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத் தோப்புகளில் மாங்காய்ப் பறிப்பு மும்முரமாகிவிடுகிறது. சப்பட்டையும் பஞ்சவர்ணமும் கிளிமூக்கும் கூடை கூடையாக இறங்குகின்றன. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்தில் செண்பகத்தோப்பு வரையில் இதே காட்சிதான். ஆண்டு முழுவதும் தண்ணீருக்கும் உரத்துக்கும் காவலுக்கும் செலவிட்ட விவசாயி, அவ்வளவையும் சில வாரங்களுக்குள் பணமாக்கியாக வேண்டும்.

இதே வட்டாரத்தில் சத்திரப்பட்டியில் நெய்யப்படும் மருத்துவத் துணியை எண்ணிப் பாருங்கள். இன்று விலை சரியில்லை என்றால் நெசவாளர் துணியைக் கட்டி அலமாரியில் அடுக்கி வைக்கலாம். அடுத்த மாதம் விற்கலாம். வட்டி நஷ்டம் உண்டு. சரக்கு நஷ்டம் இல்லை. மாம்பழத்துக்கு அந்த வசதி கிடையாது. மண்டியில் வியாபாரி விலையைக் குறைத்துச் சொன்னால், "நாளை வருகிறேன்" என்று சொல்லத் தோட்டக்காரருக்கு வாயில்லை. நாளைக்குள் பழம் பழுத்துவிடும்; நாளை மறுநாள் கரும்புள்ளி விழும். வியாபாரி காத்திருக்க முடியும், பழம் காத்திருக்க முடியாது என்ற இந்த ஒரு வேற்றுமையே விலையைத் தீர்மானிக்கிறது. ஆகவே பழத்தின் ஆயுளில் நாம் கூட்டும் ஒவ்வொரு நாளும் தோட்டக்காரரின் பேரம் பேசும் வலிமையில் கூடும் ஒரு நாளாகும்.

சேதத்தின் அளவும் அற்பமானதன்று. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த லூதியானா அறுவடைப்பின் தொழில்நுட்ப நிறுவனம் 2015இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அறுவடைக்கும் நுகர்வுக்கும் இடையில் மாம்பழத்தில் 9.16 சதவீதமும், கொய்யாவில் 15.88 சதவீதமும் வீணாகின்றன. இது நாடு முழுவதற்குமான சராசரி. நூறு கூடை மாங்காய் இறக்கிய உறுப்பினர் ஏறத்தாழ ஒன்பது கூடையைக் குப்பைக் குழிக்காகவே விளைவித்தார் என்பது இதன் பொருள்.

இந்தச் சேதத்தைக் குறைக்கச் செடிகளிலிருந்து எடுக்கப்படும் வாசனை எண்ணெய்கள் உதவுமா என்று சென்ற சில ஆண்டுகளாக உறுப்பினர்கள் பலர் என்னிடம் கேட்டு வருகின்றனர். அறிந்தவற்றை முறையாகச் சொல்வதே இப்பாடத்தின் நோக்கம்.

பழம் ஏன் கெடுகிறது?

பறித்த பின்னும் பழம் உயிருள்ள பொருளே. அது மூச்சு விடுகிறது; தன்னுள் சேமித்த மாவையும் சர்க்கரையையும் எரித்து வெப்பத்தை வெளியிடுகிறது. மா, வாழை, கொய்யா, சப்போட்டா போன்றவை பழுக்கத் தொடங்கும்போது எத்திலீன் என்னும் வாயுவை வெளிவிடுகின்றன. அந்த வாயு பக்கத்துப் பழத்தையும் பழுக்கத் தூண்டுகிறது. ஒரு பழம் பழுத்தால் கூடை முழுவதும் பழுப்பது இதனாலேதான். வைக்கோல் பரப்பி மூடிப் பழுக்க வைத்த நம் முன்னோர், வாயுவின் பெயரை அறியாவிட்டாலும், அதை வெளியே விடாமல் காக்கும் வித்தையை அறிந்திருந்தனர்.

இரண்டாவது காரணம் பூசணம். மாவில் இரண்டு நோய்கள் முக்கியமானவை. ஒன்று ஆந்த்ரக்நோஸ் எனப்படும் கரும்புள்ளி அழுகல்; மற்றொன்று காம்பைச் சுற்றித் தொடங்கும் காம்பழுகல். கரும்புள்ளி நோயின் தந்திரத்தை ஒவ்வொரு விவசாயியும் அறிந்திருக்க வேண்டும். பூசணவித்து மண்டியில் வந்து ஒட்டுவதன்று. பூவும் பிஞ்சுமாக இருக்கும்போதே மழையிலும் பனியிலும் வந்து தோலுக்குள் நுழைந்து உறங்கிக் கிடக்கிறது. காய் பச்சையாக இருக்கும் வரையில் அதன் தோலிலுள்ள தற்காப்புப் பொருள்கள் பூசணத்தை அடக்கி வைக்கின்றன. காய் பழுக்கும்போது அப்பொருள்கள் குறைய, பூசணம் விழித்துக்கொள்கிறது. பறிக்கும்போது மாசு மருவற்றிருந்த காய், ஆறாம் நாள் கருத்துப் போவதன் இரகசியம் இதுவே. "நல்ல காயாகத்தானே அனுப்பினேன்" என்று தோட்டக்காரர் சொல்வதும் உண்மை. "அழுகிய பழம்தானே வந்தது" என்று வியாபாரி சொல்வதும் உண்மை.

மூன்றாவது காரணம் நம் கைகளே. காயைத் தரையில் விழவிட்டால் அன்று தெரியாத கன்றல் நான்காம் நாள் தெரியும். காம்பை ஒட்டப் பறித்தால் வடியும் பால் தோலைச் சுட்டுக் கறைப்படுத்தும். காம்புக் குழி பூசணத்துக்கு வாசலாகும்.

வாசனை எண்ணெய் என்பது யாது?

நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், வேப்பெண்ணெய் ஆகியவை நிலை எண்ணெய்கள். இவற்றைக் காகிதத்தில் ஒரு துளி விட்டால் கறை நிலைத்து நிற்கும். கிராம்பு, இலவங்கப்பட்டை, ஓமம், துளசி, எலுமிச்சைப்புல், யூகலிப்டஸ் முதலியவற்றை நீராவியில் வாலை வடித்தால் கிடைப்பவை ஆவி எண்ணெய்கள். தூய ஆவி எண்ணெயின் துளி காகிதத்தில் சில மணி நேரத்தில் பெரும்பாலும் மறைந்து, நெய்ப்பசையான கறையை விடாது. நிலை எண்ணெய் கலந்திருந்தால் கறை தங்கிவிடும். கலப்படம் அனைத்தையும் இச்சோதனை காட்டிக் கொடுக்காது. ஆயினும் ஒரு வகை மோசடியைக் காசு செலவின்றிக் கண்டுபிடிக்க உதவும்.

இவ்வெண்ணெய்கள் செடிக்குப் பூச்சியிடமிருந்தும் பூசணத்திடமிருந்தும் காவல். அக்காவலை நாமும் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகிறோம். நெசவாளர் வீட்டில் பட்டுப் புடவைப் பெட்டியில் வசம்புத் துண்டு போடுவதும், தானியக் குதிரில் நொச்சித் தழை இடுவதும் வாசனையால் காக்கும் முறைகளே.

ஒவ்வோர் எண்ணெயிலும் ஒரு தலைமைப் பொருள் உண்டு. கிராம்பு எண்ணெயில் யூஜினால். இலவங்கப்பட்டை எண்ணெயில் சின்னமால்டிஹைடு. எலுமிச்சைப்புல் எண்ணெயில் சிட்ரால். ஓம எண்ணெயில் தைமால். இப்பொருள்கள் பூசணத்தின் உயிரணுவைச் சூழ்ந்துள்ள மெல்லிய சவ்வில் கரைந்து, அதை ஓட்டையாக்குகின்றன. உள்ளிருக்கும் சத்து வெளியே கசிய, பூசணம் வளர்ச்சி குன்றுகிறது. அளவு போதுமானால் மடிகிறது. ஆனால் ஒன்றை மறவாதீர்கள்: பழத்தின் தோலிலும் உயிரணுக்கள் உண்டு, அவற்றுக்கும் சவ்வு உண்டு. பூசணத்தைக் கொல்லும் அளவுக்கும் பழத்தோலைச் சுடும் அளவுக்கும் இடையில் உள்ள ஒடுங்கிய சந்து வழியேதான் நாம் நடந்து போக வேண்டும்.

ஆராய்ச்சிகள் காட்டும் வழி

இலங்கையில் களனிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அந்நாட்டு ஆம்புல் வாழையைத் தாக்கும் சீப்பு அழுகல், கரும்புள்ளி நோய் ஆகியவற்றின் பூசணங்களை இலவங்கப்பட்டை எண்ணெயும் கிராம்பு எண்ணெயும் கட்டுப்படுத்துவதை ஆராய்ந்து 2002இல் வெளியிட்டனர். அவர்களே 2005இல், எண்ணெய்ச் சிகிச்சையை, காற்றின் கூறுகளை மாற்றியமைக்கும் உறையில் இடும் முறையோடு இணைத்துக் கையாளும் வழியை வெளியிட்டனர். எண்ணெயை மட்டும் நம்பாமல் மற்றொரு காவலையும் அவர்கள் சேர்த்துக்கொண்டது நாம் குறித்துக்கொள்ள வேண்டிய பாடம்.

நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தின் மலேசிய வளாகத்தில் நடந்து 2011இல் வெளியான ஆய்வு மற்றொரு படி முன்னே சென்றது. வாழைக்கும் பப்பாளிக்கும் கருவேல இனத்துப் பிசினின் 10 சதவீதக் கரைசலில் 0.4 சதவீத இலவங்கப்பட்டை எண்ணெயைக் கலந்து பூசியபோது, குளிர்சேமிப்பில் கரும்புள்ளி அழுகல் பெருமளவு குறைந்தது. பிசின் தோலின்மேல் மெல்லிய படலமாகி நீர் ஆவியாவதையும் மூச்சு விடுவதையும் மட்டுப்படுத்துகிறது. எண்ணெய் விரைந்து பறந்துவிடாமல் பிடித்தும் வைக்கிறது.

நம் மாநிலத்தில் நடந்தது இவற்றுக்கு உறவுமுறையான ஒரு முயற்சி. வெட்டிய புல்லிலிருந்து எழும் பச்சை மணத்துக்குக் காரணமான பொருள்களில் ஹெக்ஸனால் ஒன்று. இதுவும் செடிகளே உண்டாக்கும் ஆவிப் பொருள். வாலையில் வடித்த எண்ணெயன்று என்பதே வேறுபாடு. பழம் முதிரும்போது அதன் சவ்வுகளைச் சிதைக்கும் பாஸ்போலிப்பேஸ்–டி என்னும் நொதியை ஹெக்ஸனால் அடக்குகிறது. கானடாவின் குவெல்ப் பல்கலைக்கழகமும், கோயம்புத்தூர்த் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும், கொழும்பின் தொழில்நுட்ப நிறுவனமும் கானடா அரசின் பன்னாட்டு வளர்ச்சி ஆய்வு மையத்தின் உதவியோடு 2012 முதல் 2018 வரை இரு கட்டங்களாக இதை ஆராய்ந்தன. கிருஷ்ணகிரி மாந்தோப்புகளில், அறுவடைக்கு 30 நாளும் 15 நாளும் முன்னதாக 2 சதவீதக் கலவையாகத் தெளித்தபோது, காய்கள் மரத்திலேயே இரண்டு மூன்று வாரம் கூடுதலாக நின்றன. பறித்த பழங்களும் கூடுதல் நாள் தாங்கின. எல்லாத் தோப்பும் ஒரே வாரத்தில் மண்டிக்கு வந்து விலை விழும் நம் நிலைமையில், பறிப்பைத் தள்ளிப்போட முடிவது எத்தகைய வரம் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. இக்கலவையை விரும்புவோர் பல்கலைக்கழகத்தையோ வட்டாரத் தோட்டக்கலை அலுவலரையோ அணுகுவதே முறை. வீட்டில் கலக்கக் கூடியதன்று.

நான் செய்த தவறு

இங்கே ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியவனாக இருக்கிறேன். இரண்டு பருவங்களுக்கு முன், இத்தகைய ஆராய்ச்சிகளைப் பற்றி மேலோட்டமாகப் படித்த உற்சாகத்தில், மலையடிவாரத் தோட்டக்காரர் ஒருவரிடம் கிராம்பு எண்ணெயின் பெருமையை விரித்துரைத்தேன். அவர் என் சொல்லை நம்பி, கடையில் எண்ணெய் வாங்கி, ஒரு தொட்டித் தண்ணீரில் கண்ணளவாக ஊற்றி, மூன்று கூடைச் சப்பட்டைக் காயை முக்கி எடுத்தார். நானும் அருகில் நின்றுகொண்டிருந்தேன்.

எண்ணெய் தண்ணீரில் கலவாமல் மேலே மிதந்தது. காயை வெளியே எடுக்கும்போது துளித் துளியாகத் தோலில் ஒட்டிக்கொண்டது. மூன்றாம் நாள் துளி ஒட்டிய இடமெல்லாம் பழுப்பு வடுவாயிற்று. பழுத்த பின்னும் கிராம்பு நெடி போகவில்லை. வியாபாரி ஒரு பழத்தை முகர்ந்து பார்த்துவிட்டுக் கூடைகளை ஒதுக்கிவிட்டார்.

மறுமுறை நான் சென்றபோது அந்தப் பெரியவர் கோபித்துக்கொள்ளவில்லை. "சார், அழுகின பழத்தை மாடாவது தின்னும். இதை மாடும் முகர்ந்து பார்த்துட்டுப் போயிடுச்சு" என்றார். கூடைகளின் விலையைக் கொடுக்க முன்வந்தேன், வாங்க மறுத்துவிட்டார். "காசு வேண்டாம். அடுத்த தோப்பிலே போய்ச் சொல்றதுக்கு முன்னாலே, முதல்லே நாலு காயிலே செஞ்சு பார்த்துட்டுச் சொல்லுங்க" என்றார். மூன்று கூடை என்பது என் சம்பளத்தில் சிறு தொகை. அவருக்கு அது ஒரு வாரத்துக் கூலிச் செலவு. அவர் கேட்டுக்கொண்டதை நிறைவேற்றும் கடமையே இப்பாடத்தை எழுதச் செய்தது.

அன்று நடந்த பிழைகள் மூன்று. அளவு பார்க்கவில்லை, எண்ணெயைத் தண்ணீரோடு இணைக்கவில்லை, சிறு சோதனை செய்யாமல் கூடைக் கணக்கில் இறங்கினோம். இம்மூன்றையும் திருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

செய்முறை ஒழுங்கு

முதலாவது, பறிப்பு. முதிர்ந்த காயை வலைத் தொரட்டியால் ஒரு விரற்கடைக் காம்போடு பறிக்க வேண்டும். நிழலில் வைத்துப் பிறகு காம்பைக் குறைத்து, காம்புப் பக்கம் கீழாகக் கவிழ்த்துப் பால் வடிய விட வேண்டும். காய் வெறும் மண்ணைத் தொடலாகாது. பின்பு சுத்தமான நீரில் கழுவ வேண்டும்.

இரண்டாவது, வெந்நீர். 52 டிகிரி சென்டிகிரேடு வெப்பமுள்ள நீரில் 5 முதல் 10 நிமிடம் காயை மூழ்க வைத்து, எடுத்து ஆற விடுவது கரும்புள்ளி நோய்க்கு நன்கு நிலைநாட்டப்பட்ட சிகிச்சை. தோலுக்குள் உறங்கும் பூசணத்தை வெப்பம் சென்று தாக்குகிறது. மேலே பூசும் எண்ணெய்க்கு அவ்வளவு ஆழம் எட்டுவது கடினம். வெப்பமானி கட்டாயம் வேண்டும். கையால் தொட்டுப் பார்த்துச் சொல்லும் கணக்கு இங்கே உதவாது; சில டிகிரி கூடினால் தோல் வெந்துவிடும், குறைந்தால் பூசணம் பிழைத்துவிடும். முற்றாத காய்க்கு இது ஆகாது.

மூன்றாவது, எண்ணெய்க் கரைசல். எண்ணெயையும் நீரையும் இணைக்க உணவுத் தரமுள்ள பால்மமாக்கி வேண்டும். பாலிசார்பேட் 80 என்பது அத்தகையது. முதலில் எண்ணெயையும் பால்மமாக்கியையும் சம அளவில் நன்கு கலக்க வேண்டும். பிறகு சிறிது சிறிதாக நீர் விட்டுக் கடைந்தால் கரைசல் பால் போல் வெளுக்கும். மேலே எண்ணெய்த் திட்டு மிதந்தால் அதைப் பயன்படுத்தக் கூடாது. சோப்புத் தூளைப் பதிலாகச் சேர்ப்பது தவறு. நாம் கையாள்வது உண்ணும் பொருள்.

அளவுக் கணக்கு எளிது. ஒரு லிட்டர் நீரில் ஒரு மில்லிலிட்டர் எண்ணெய் என்பது 0.1 சதவீதம். பத்து லிட்டர் தொட்டிக்குப் பத்து மில்லிலிட்டர். ஊசி போடும் குழல் ஒன்றிருந்தால் துல்லியமாக அளக்கலாம். மலேசிய ஆய்வின் 0.4 சதவீதம் வாழைக்கும் பப்பாளிக்கும் பிசினோடு சேர்த்துக் கண்ட அளவாகும். சப்பட்டையின் தோலுக்கு அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாகாது.

ஆகையால் முதலில் தோல் சோதனை. லிட்டருக்கு அரை, ஒன்று, இரண்டு மில்லிலிட்டர் என மூன்று கரைசல் செய்து, ஒவ்வொன்றிலும் ஐந்து காயை இரண்டு நிமிடம் முக்கி, காற்றில் உலர்த்தி வைத்துப் பாருங்கள். பழுக்கும் வரையில் எந்த அளவில் வடு விழவில்லையோ, நெடி நிற்கவில்லையோ, அதுவே உங்கள் இரகத்துக்கு மேல் வரம்பு. எந்த அளவிலும் வடு விழுமானால் அவ்வெண்ணெயைக் கைவிட்டு வேறொன்றை எடுங்கள்.

அடுத்துப் பலன் சோதனை. ஒரே நாளில் ஒரே மரத்தில் பறித்த நூறு காய்களைப் பொறுக்காமல் கலந்து, 25 வீதம் நான்கு பங்காக்குங்கள். முதற் பங்கு வெறும் தண்ணீரில் கழுவியது. இரண்டாவது வெந்நீர் மட்டும். மூன்றாவது எண்ணெய் மட்டும். நான்காவது வெந்நீரும் எண்ணெயும். நான்கையும் ஒரே அறையில், ஆனால் வாசனை ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவாத தொலைவில் வையுங்கள். நாள்தோறும் ஒரே வேளையில் எத்தனை பழுத்தன, எத்தனையில் புள்ளி, எத்தனை அழுகின என்று நோட்டில் குறியுங்கள். கடைசியில் எது எந்தப் பங்கு என்று அறியாத ஒருவரிடம் கொடுத்துச் சுவை கேளுங்கள்.

முதற் பங்கை வீண் என்று எண்ணி விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால், பழம் தாங்கியது எண்ணெயாலா, அவ்வாண்டு மழை குறைந்ததாலா என்று சொல்ல முடியாது. நெசவாளர் புதுச் சாயத்தைச் சோதிக்கும்போது சாயமிடாத நூற்கண்டைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்லையா? அது போன்றதே இது.

எச்சரிக்கை ஒன்று. நீர் சேராத இலவங்கப்பட்டை எண்ணெயும் ஓம எண்ணெயும் தோலைச் சுடும். கண்ணில் பட்டால் பெருந்துன்பம். கையுறை வேண்டும், குழந்தைகள் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். அடுப்பருகே திறக்கலாகாது.

எண்ணெயால் ஆகாதவை

அடிபட்ட காயை எண்ணெய் ஆற்றாது. முற்றாத காயை இனிக்கச் செய்யாது. வெயிலில் கிடந்து சூடேறிய சரக்கைக் குளிர்விக்காது. நிழலும் காற்றோட்டமும் மாம்பழத்துக்கு எண்ணெயைவிடப் பெரிய மருந்து. குளிர்சேமிப்பு கிடைத்தாலும் 13 டிகிரிக்குக் கீழே மாவைக் கொண்டு போனால் தோல் கருத்துச் சுவை கெடும்.

கார்பைடு கல்லால் பழுக்க வைத்த பழத்துக்கு வாசனை எண்ணெய் பூசி மறைக்க நினைப்பவர் சட்டத்தையும் மனச்சாட்சியையும் ஒருங்கே மீறுகிறார். கால்சியம் கார்பைடால் பழுக்க வைப்பது 2011ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளின்படி தடை செய்யப்பட்டது. பழுக்க வைக்க வேண்டுவோருக்கு எத்திலீன் வாயுவை வரம்புக்கு உட்பட்டுப் பயன்படுத்த அனுமதி உண்டு. எண்ணெய் பூசிய பழத்தை விற்பனைக்கு அனுப்புமுன், உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் அவ்வெண்ணெய்க்கும் பூச்சுக்கும் உரிய விதியைக் கேட்டறிந்துகொள்வது சங்கத்தின் பொறுப்பு. வாங்குவோருக்கு மறைக்காமல் சொல்வதும் அப்பொறுப்பில் அடங்கும்.

வரவு செலவு

சரக்கைக் காப்பது வேறு. இலாபத்தைக் காப்பது வேறு. ஓர் உதாரணக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கூடைக்கு 20 கிலோ வீதம் நூறு கூடை என்றால் 2,000 கிலோ. நூற்றுக்கு 9 வீதம் சேதம் என்றால் 180 கிலோ. நம் சிகிச்சை அதைப் பாதியாக்குமானால் மிஞ்சுவது 90 கிலோ. கிலோ 30 ரூபாய் என்று வைத்தால் 2,700 ரூபாய். கூடைக்கு 27 ரூபாய். எண்ணெய், விறகு, கூலி எல்லாம் சேர்ந்து கூடைக்கு 27 ரூபாய்க்குள் அடங்கினால்தான் ஆதாயம். உங்கள் சேத விகிதத்தையும் விலையையும் இட்டு இதே கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். வெந்நீர் மட்டுமே அதே பலனைத் தருமென்று உங்கள் சோதனை காட்டினால், எண்ணெயை விட்டுவிட வேண்டியதுதான். எண்ணெய் விற்கப் புறப்பட்டவர்களல்லவே நாம்!

தனி ஒருவர் இவற்றைச் செய்யப் புகுந்தால் வெப்பமானியும் தொட்டியும் எண்ணெயும் பெருஞ்செலவாகத் தோன்றும். இருபது தோட்டக்காரர் சங்கமாகச் சேர்ந்தால் ஒரே வெந்நீர்த் தொட்டி போதும். எண்ணெயைத் தரச்சான்றோடு மொத்தமாக வாங்கலாம். காயைத் தரம் பிரித்து ஒரே முத்திரையில் அனுப்பலாம். வரப்போரங்களில் எலுமிச்சைப்புல் வளர்த்து எண்ணெய் வடிப்பதும் ஆராயத்தக்கது. கேரளத்தில் ஓடக்காலி ஆராய்ச்சி நிலையம் 1951 முதல் இப்புல்லில் ஆய்வு நடத்தி, சுகந்தி என்னும் இரகத்தைத் தந்திருக்கிறது. ஆனால் வாலைக்கு முதலீடு வேண்டும்; விற்பனை உறுதியாகாமல் வாலை வாங்கத் தீர்மானம் போடுவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

நெசவாள உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். எண்ணெயைப் பழத்தில் படவிடாமல், அதன் ஆவியை மட்டும் பெட்டிக்குள் உலவ விடும் முறையும் ஆராய்ச்சிகளில் உண்டு. எண்ணெயை உறிஞ்சி மெல்ல மெல்ல விடும் சிறு துணித் திண்டு அதற்குத் தேவை. மருத்துவத் துணி நெய்யும் ஊரில் அதற்கா பஞ்சம்? எத்தனை மடிப்பு, எத்தனை துளி என்பதைத் தறிக்காரரும் தோட்டக்காரரும் சேர்ந்து உட்கார்ந்து சோதித்தால், இரு தொழிலுக்கும் உதவும் ஒரு பொருள் பிறக்கக்கூடும். பிறக்காமலும் போகலாம். இரண்டு பெட்டிகளைக் கொண்டு ஒரு வாரத்தில் தெரிந்துவிடும் செய்தி இது.

வரும் பருவத்தில் ஒவ்வொரு சங்கத்திலும் குறைந்தது ஒரு தோப்பிலாவது நூறு காய்ச் சோதனையை நடத்த வேண்டுகிறேன். நன்றாக வந்தால் எண்ணிக்கையோடு எழுதுங்கள். தோற்றுப் போனால் தவறாமல் எழுதுங்கள். ஒருவர் தோல்வியை மறைத்தால் அதே நஷ்டத்தை அடுத்த ஊரிலும் ஒருவர் பட வேண்டியிருக்கும். மூன்று கூடைக் காயை இழந்தும் காசு வாங்க மறுத்த அப்பெரியவர், இவ்வருடமும் தம் தோப்பில் நூறு காயை ஒதுக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். இம்முறை அளவுக் குழலும் வெப்பமானியும் நோட்டும் என் கையில் இருக்கும்.